ஒரு பட்டாணி அளவு பசை
— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. அது கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அனுபவத்தைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உதவித்தொகைப் பணத்தில் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கியிருந்தேன். சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முன்பு, போட்ட பத்தாவது நிமிடத்தில் அது தானாகவே அணையத் தொடங்கிற்று. பழுது பார்க்கும் கடையில், "போர்டு போய்விட்டது, 4500 ரூபாய் ஆகும்" என்றார்கள். கொத்தனாரான என் தந்தை, மேஸ்திரியிடம் முன்பணம் கேட்கப் புறப்பட்டுவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்று தடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

கணிப்பொறியின் மூளை, பிராசசர் எனப்படும் செயலி. என்னுடையது 65 வாட் வகை. அதனுள் இருக்கும் சில்லின் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர்தான். அதாவது, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 43 வாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அங்கே 5 வாட் மட்டுமே! செயலியின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுவதே, அதன்மேல் அமர்ந்திருக்கும் ஹீட்சிங்க் என்னும் அலுமினியச் சிறகுகளின் வேலை. வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினால், தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

செயலியின் மூடியும் ஹீட்சிங்க்கின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பானவை. உண்மையில் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அப்பள்ளங்களில் காற்று நின்றுவிடுகிறது. வெப்பங்கடத்து எண் அலுமினியத்துக்கு 237, காற்றுக்கோ 0.026! இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட்டுக்கு 5 என்று கொள்வோம்.

1822இல் ஃபூரியே வெளியிட்ட வெப்பக் கடத்தல் விதியை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். மூடியின் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர், இடைவெளி 0.05 மில்லிமீட்டர் என்க. இடைவெளி முழுவதும் காற்றாக இருந்தால், 65 வாட் வெப்பம் அதைக் கடக்க 139 டிகிரி வேறுபாடு தேவை. பசையாக இருந்தால் ஒரு டிகிரிக்கும் குறைவு. ஆனால் அதே பசை 0.5 மில்லிமீட்டர் தடித்தால், வேறுபாடு 7 டிகிரியாகிவிடும். உலோகத்தோடு ஒப்பிட்டால் பசை மட்டமான கடத்தியே. காற்றை வெளியேற்றுவதுதான் அதன் பணி.

இக்கணக்கைப் போடாமலே நான் வேலையில் இறங்கினேன். பழைய பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அதைத் துடைக்காமல், அதன்மேலேயே புதுப் பசையைத் தாராளமாக அப்பினேன். ஹீட்சிங்க்கின் ஒரு மூலை சரியாக மாட்டவில்லை என்பதையும் கவனிக்கவில்லை. கணிப்பொறி மறுபடியும் அணைந்தது.

இரவில் தந்தை விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். "தரைக்கு ஓடு பதிக்கிறதும் இப்படித்தான்டா. கலவை கூடினா ஓடு ஏறி நிக்கும், குறைஞ்சா அடியில காத்து நிக்கும். தட்டுனா சத்தமே காட்டிக் கொடுத்துடும்" என்றார். அதன்பிறகே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

மறுநாள் முறைப்படி செய்தேன். மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டேன். நான்கு குமிழ்களையும் அம்புக்குறித் திசையில் திருப்பி மேலே இழுத்தேன். ஹீட்சிங்க்கை வெடுக்கென்று பிடுங்காமல், மெல்ல அசைத்து எடுத்தேன். இரு பரப்புகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்தேன். நடுவில் சிறு பட்டாணி அளவு பசை மட்டும் வைத்தேன். அதை விரலால் தேய்க்கவில்லை. அழுத்தமே அதைப் பரப்பிவிடும். குமிழ்களைப் பழைய நிலைக்குத் திருப்பி, ஹீட்சிங்க்கை நேராக இறக்கி, எதிரெதிர் மூலைகளாக 'டிக்' என்று ஒலிக்கும் வரை அழுத்தினேன். விசிறியின் கம்பியை மறவாமல் செருகினேன்.

முன்பு 97 டிகிரி காட்டிய செயலி, அதே வேலையில் 61 டிகிரியில் நின்றது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தந்தை முன்பணம் கேட்கப் போகவில்லை.

தோழர்களே, உங்கள் வீட்டுக் கணிப்பொறியும் இப்படி அணைந்தால், அதைக் கழித்துக் கட்டுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். பாடத்தில் படித்த சூத்திரம் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கலாம். அது விளங்காவிட்டால், வீட்டில் உள்ள உழைப்பாளியைக் கேளுங்கள்!