பனியனில் ஏறும் புள்ளி

அவிநாசிப் பக்கம் பனியனுக்குப் பிரிண்டிங் போடும் பட்டறையில், யானை முகம் அச்சான ஒரு பீஸை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். எட்டி நின்றபோது சாம்பலாகத் தெரிந்த காதோரத்தில் இப்போது கறுப்புப் புள்ளிகள்தான் இருக்கும். வெளிறிய இடத்தில் கேழ்வரகைவிடப் பொடியாக, இருண்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டுமளவு பெரிதாக. சாம்பல் மை ஒரு சொட்டுகூடக் கிடையாது.

சின்னப் பட்டறைகள் இந்தப் படத்தை லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, அதை வைத்து ஸ்கிரீன் போடுவதுண்டு. அந்தப் பிரிண்டருக்கும் சாம்பல் தெரியாது. உள்ளே சுழலும் உருளையில் லேசர் பட்ட இடத்தில் மின்னேற்றம் இறங்கும். அங்கே டோனர் தூள் ஒட்டும். ஒட்டினால் கறுப்பு, ஒட்டாவிட்டால் வெள்ளை. (புதிய பிரிண்டர்கள் ஒளித்துடிப்பைச் சுருக்கிக் கொஞ்சம் விளையாடிப் பார்க்கும்.)

மிச்ச வேலையைப் புள்ளி செய்கிறது. ஹாஃப்டோன் என்ற இந்த வித்தை லேசருக்கு மூத்தது. கேரி ஸ்டார்க்வெதர் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் லேசர் பிரிண்டரை இயங்கவைத்தது 1971-ல். சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய் கல்கத்தாவில் ஹாஃப்டோன் பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கியதோ 1895-ல். அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகளை லண்டனின் பென்ரோஸ் ஆண்டிதழ் வெளியிட்டது.

கணக்கு இதுதான். பிரிண்டர் அங்குலத்துக்கு 600 துளிகள் இடும். அங்குலத்துக்கு 50 வரிசைப் புள்ளி கேட்டால், ஒவ்வொரு புள்ளிக்கும் 12-க்கு 12, அதாவது 144 துளிகளுக்கு இடம். வெறும் வெள்ளையையும் சேர்த்து 145 சாயல். ஆசைப்பட்டு 100 வரிசை கேட்டால், 6-க்கு 6. சாயல் 37-க்கு இறங்கிவிடும். புள்ளி பொடியானால் படம் நயமாகும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

துணி இன்னும் கறார். ஸ்கிரீனில் இழுத்துக் கட்டிய வலையான மெஷ்ஷில் புள்ளி வரிசையைப் போல் நாலைந்து மடங்கு இழை இருந்தால்தான் புள்ளி தங்கும். மிகப் பொடியானது ஸ்கிரீனைத் தண்ணீர் அடித்துக் கழுவும்போதே போய்விடும். மெஷ் இழையும் புள்ளி வரிசையும் ஒரே திசையில் ஓடினால் படத்தில் அலையலையாகக் கோடு விழும். அதனால் வரிசையைச் சாய்த்து, பலரும் 22.5 பாகை வைக்கிறார்கள். பின்னல் துணியில் மை பரவிப் புள்ளி கொழுக்கும் என்பதால், கம்ப்யூட்டரிலேயே படத்தைக் கொஞ்சம் வெளிறவைத்து அனுப்புவார்கள். திரையில் சோகையாகத் தெரியும் அந்த யானை, பனியனில் சரியான கறுப்போடு வந்து நிற்கும்.