குளச்சல் வரை பாய்மரப் படகில்: கிளம்பும் முன் ஃபோனில் என்ன பார்க்கணும்?

"டிசம்பர் லீவுல சின்னமுட்டத்துல இருந்து குளச்சல் வரைக்கும் பாய்மரப் படகு. நீயும் வர்றியா?" கல்லூரி நண்பர்கள் குழுவில் போன மாதம் வந்த மெசேஜ் இது. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஆனா எந்த எச்சரிக்கை எந்த செயலியில் வரும்னு தேடுறது நம்ம வேலை. அதனால் தேடிப் பார்த்தேன். கடலுக்குப் போகிற யாருக்கும் இது உதவும்.

முதலில் தூரம். கடல் வழியாக சின்னமுட்டத்தில் இருந்து முட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர், குளச்சல் 38 கிலோமீட்டருக்குள். சிறிய பாய்மரப் படகு மணிக்கு 7 கிலோமீட்டர் போனால், முட்டத்துக்கு 4 மணி நேரம், குளச்சலுக்கு 5 மணி நேரத்துக்கு மேல். இது காற்று பின்னாலிருந்து தள்ளும்போதுதான். எதிர்க்காற்றில் படகு நேராகப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் ஏறணும். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

சரி, நடுவில் காற்று மாறினால் எங்கே ஒதுங்குவது? இந்தக் கடற்கரையில் அதுதான் சிக்கல். குமரிமுனையைத் தாண்டியதும் கரை தென்மேற்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. தெற்கே அண்டார்டிகா வரை அலையைத் தடுக்கப் பெரிய நிலம் எதுவும் இல்லை. முட்டம், கடியப்பட்டினம் பக்கம் பாறைகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறைகள், நாம் ஃபோனில் பார்க்கும் சாலை வரைபடத்தில் தெரியாது. அதற்குக் கடல் வரைபடம் வேணும். டேராடூனில் இருக்கும் கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகம் அதை வெளியிடுகிறது. அதோடு அந்தந்த ஊர் மீனவர்களையும் கேட்டுக்கொள்வது நல்லது.

துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க முடியாது. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில், அலை அதிகமான நாட்களில், கடலை நன்றாக அறிந்த மீனவர்களே படகு கவிழ்ந்து உயிரிழந்திருக்கிறார்கள்.

புயல் இல்லாத நாளிலும் அலை

2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று புயல் எதுவும் இல்லை. வந்தது 'கள்ளக்கடல்'. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்காற்று கிளப்பிவிடும் அலைகள் பல நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். ஆழ்கடலில் அவை தணிவாகத்தான் தெரியும், ஆழம் குறையும் கரையோரத்தில் எழும்பும். இங்கே காற்றே இல்லாவிட்டாலும் வரும். பெயரே காரணம் சொல்கிறது, கள்ளத்தனமாக வருகிற கடல்! ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம்.

ஆனால் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இதை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. அன்றைய சம்பவத்துக்கு முன்பும் எச்சரிக்கை வந்திருந்தது. இன்காய்ஸ் இணையதளத்திலும் அதன் 'சமுத்ரா' செயலியிலும் பார்க்கலாம். அதில் அலை உயரம் 2 மீட்டர் என்று இருந்தால், எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தமில்லை. அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல இரண்டு மடங்கு வரை எழலாம். அலை உயரத்துக்குப் பக்கத்தில் அலையின் இடைவெளியும் விநாடிக் கணக்கில் இருக்கும். அது 15 விநாடி, அதற்கு மேல் என்றால் தொலைவில் இருந்து வரும் பெரிய அலை. உயரம் குறைவாக இருந்தாலும் பாறைப் பக்கம் போகாதீங்க.

காற்றுக்கு, 'மௌசம்' செயலியும் தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியும் இருக்கு. சென்னை வானிலை மையம் தினமும் வெளியிடும் மீனவர்களுக்கான எச்சரிக்கையையும் படிங்க. 'மீனவர்களுக்கு'ன்னு இருக்கே, நமக்கில்லைன்னு தாண்டிப் போறவங்கதான் அதிகம். அதில் 'குமரிக்கடல்' என்ற சொல்லைத் தேடுங்க. அதுதான் நீங்க போகும் இடம்.

இன்னொரு விஷயம். துறைமுகத்தில் 1 அல்லது 2ஆம் எண் புயல் கூண்டு ஏற்றினால், 'சின்ன எண்தானே' என்று கிளம்பக் கூடாது. தொலைவில் புயல் சின்னம் இருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். வெளியே போகிற படகுக்கு அது உறுதிமொழி கிடையாது.

டிசம்பர் வேணாமே என்று நண்பர்களிடம் சொன்னதற்குக் காரணம் ஒக்கி. 2017 நவம்பர் 30 அன்று குமரிக்கடல் பகுதியில் அது புயலானது. நாட்கணக்கில் தங்கி மீன் பிடிக்க முன்பே போயிருந்த ஆழ்கடல் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜனவரியில் குமரிக்கடலில் வாடைக்காற்று பலமாக வீசும் நாட்கள் உண்டு. மிச்சம் இருப்பது பிப்ரவரி, மார்ச். அப்போதும் விடியற்காலையில் கிளம்பி, மதியம் கடற்காற்று வலுக்கும் முன் கரை சேருவது நல்லது. வாடை பின்னாலிருந்து தள்ளிக் குளச்சல் போய்விடலாம், திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். படகை வண்டியில் ஏற்றி சாலை வழியாகக் கொண்டுவர முடியுமா என்றும் யோசிங்க.

ஃபோன் கரையில்தான்

இவ்வளவும் கரையிலேயே பார்த்து முடிக்க வேண்டியவை. கடலுக்குள் சில கிலோமீட்டர் தள்ளினாலே சிக்னல் தடுமாறும். படகில் விஎச்எஃப் ரேடியோ வேணும். ஆபத்து அழைப்புக்கு 16ஆம் சேனல். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் இருந்தால் அதன் சமிக்ஞை செயற்கைக்கோள் வழியாக பெங்களூருவில் உள்ள இஸ்ரோ மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, உடம்பில். மூட்டையில் இல்லை.

கிளம்பும் முன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குத் தகவல் கொடுத்து, என்ன அனுமதி வேணும்னு கேட்டுக்கோங்க. அவர்கள் எண் 1093. பிறகு கரையில் இருக்கும் ஒருவரிடம் இதை எழுதிக் கொடுங்க: படகின் நிறம், பதிவு எண், யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க, எங்கே சேரணும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் அவர் 1554க்கு அழைக்கணும். 1554 கடலோரக் காவல்படையின் எண். நேரம் கடந்தால் 'வந்துருவாங்க' என்று அவர் காத்திருக்கக் கூடாது.

நண்பர்கள் பயணத்தைப் பிப்ரவரி கடைசிக்கு மாற்றிவிட்டார்கள். குளச்சல் கரையில் அந்தப் பேப்பரும் ஃபோனுமாக உட்காரப் போறது நான்தான்.