ஒரு படி குறைந்த பி.எஃப். தளம்

ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையே அமைந்த ஹெப்பகோடி, ஒருபுறம் மென்பொருள் நிறுவனங்களுக்கும் மறுபுறம் ஆலைகளுக்கும் அண்டையான ஊர். வருங்கால வைப்பு நிதி, அதாவது எல்லோரும் சொல்லும் பி.எஃப்., இவ்வட்டாரத் தொழிலாளருக்கு எத்தகைய ஆதாரம் என்பதை 2016 ஏப்ரலில் நாடே கண்டது. முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கவியலாது என்று அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான அறிவிக்கையை எதிர்த்து, ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையை மறித்தனர்; கலவரம் மூண்டு, ஹெப்பகோடி காவல் நிலையத்தில் நின்றிருந்த வாகனங்கள் எரிந்தன; ஏப்ரல் 19 அன்று மத்திய அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

அவ்வாறு காக்கப்பட்ட பணத்தை இன்று அடையும் வழி பெரும்பாலும் ஓர் இணையதளமே. வேலை மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்னும் 12 இலக்க எண், கடவுச்சொல், கோணலான எழுத்துகளைப் படித்து உள்ளிடச் சொல்லும் கேப்சா, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவற்றைத் தாண்டி உள்ளே சென்றால், எதற்கு விண்ணப்பம் என்ற கேள்விக்குப் படிவம் 31, 19, 10சி என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் விரிகிறது. முதலாவது முன்பணத்துக்கு, அடுத்தது வேலையை விட்டபின் கணக்கை முடிப்பதற்கு, மூன்றாவது ஓய்வூதியப் பங்கைப் பெறுவதற்கு. மகளின் திருமணச் செலவுக்குப் பணம் தேடி வருபவருக்கு இந்த எண்கள் எதையும் உணர்த்துவதில்லை. அலுவலகத்தின் கோப்பு முறை அப்படியே திரைக்கு ஏறியிருப்பதே அதற்குக் காரணம். நிறமும் படமும் குறைந்த பக்கத்தையே எளிய பக்கம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் வருபவரின் தேவையை அவருடைய சொல்லிலேயே கேட்பதும், ஒருமுறை தந்த தகவலை மறுபடி கேளாதிருப்பதும்தான் எளிமைக்கு முதன்மையானவை.

அண்மைக்கால மாற்றங்களில் மிகவும் பாராட்டத்தக்கது இந்த இரண்டாவதைச் சேர்ந்தது. உறுப்பினரின் வங்கிக் கணக்கு, பெயர் உட்பட, யு.ஏ.என். எண்ணுடன் இணைக்கப்படும்போதே வங்கியிடம் சரிபார்க்கப்படுகிறது. அப்படியிருந்தும் பணம் கேட்கும்போது காசோலை அல்லது பாஸ்புக் பக்கத்தின் படத்தையும் பதிவேற்ற வேண்டியிருந்தது. படம் மங்கலாக இருந்தால், உரிய பணமும் உரிய ஆளும் இருந்தும் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. 2024 மே மாதம் சிலருக்கு மட்டும் சோதனை முறையில் நீக்கப்பட்ட இந்தப் படி, 1.7 கோடி உறுப்பினர் பயனடைந்தபின், 2025 ஏப்ரலில் அனைவருக்கும் நீங்கியது. பொத்தானை அழகாக்கியோ விளக்கக் குறிப்பைச் சேர்த்தோ இந்தப் பயனை அடைந்திருக்க முடியாது. அதே ஆண்டு அக்டோபரில், பணம் எடுப்பதற்கான 13 விதிகளை இன்றியமையாத் தேவை, வீடு, சிறப்புச் சூழல் என மூன்றாகச் சுருக்க வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. விதியே சிக்கலாயிருக்கையில் அதைக் காட்டும் திரை மட்டும் தெளிவாயிராது என்பதால் இதுவும் வடிவமைப்பு வேலையே.

பார்வையற்றோரையும் சேர்த்து எண்ணும்போது எளிமையின் பொருள் இன்னும் விரிகிறது. கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தைக் குறித்து 2021 மே 31 அன்று பிறப்பித்த ஆணையில், கேப்சாவை ஒலியாகக் கேட்க வழியில்லை, விசைப்பலகையால் மட்டும் பக்கத்தில் நகர முடியவில்லை என்பன போன்ற குறைகளை உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. அதுவரை ஆங்கிலத்தில் மட்டும் இருந்த அத்தளம், அடுத்த சில நாள்களில் தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகளிலும் வந்தது.

தளம் பிடிபடாதவர்கள் கணினிக் கடைகளை நாடி, யு.ஏ.என். எண், கடவுச்சொல், ஓ.டி.பி. மூன்றையும் முன்பின் அறியாதவரிடம் ஒப்படைக்கின்றனர். அத்தகைய இடைத்தரகர்களைத் தவிர்க்குமாறு வைப்பு நிதி நிறுவனம் 2025 ஜூனில் எச்சரித்தது சரியே. ஆயினும் தையல் எந்திரத்தின் முன் நாளெல்லாம் அமரும் பெண், வேலை முடிந்த பின் தன் கைபேசியில், தனக்குத் தெரிந்த மொழியில், எவர் துணையுமின்றி அந்த விண்ணப்பத்தை முடிக்கும் நிலை வரும்வரை அந்தக் கடைகளுக்கு ஆள் வந்துகொண்டேயிருக்கும்.