ஆய்வுக்கூடத்தில் பெருகும் இரத்த மூல அணுக்கள்



"இரத்தத்தின் மூல அணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்களாமே, அதற்காகக் கருவை அழிக்கிறார்களா?" என்று சபையார் சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மருத்துவர்களிடம் விசாரித்து அறிந்ததை எழுதுகிறோம்.

எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல அணுக்கள் விதை போன்றவை. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அவற்றிலிருந்தே பிறக்கின்றன. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில், பழுதான மஜ்ஜையை அகற்றிப் பிறருடைய மூல அணுக்களை ஏற்றுவது பலருக்கு உயிர் தருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986இல் தொடங்கியது. ஆனால் உடன்பிறந்த ஒருவரின் அணுக்கள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான்.

1988இல் பாரீசில் எலியான் குளுக்மான் என்ற மருத்துவர் இன்னொரு வாசலைத் திறந்தார். ஒரு சிறுவனுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றினார். பிரசவத்துக்குப்பின் வீணாகப் போகும் இரத்தம் அது. எடுப்பதால் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கில்லை. பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் உடல் ஏற்றுக்கொள்ளும். அளவுதான் கொஞ்சம். பெரியவர்களுக்குப் போதாமல், புதிய அணுக்கள் தலையெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அந்நாட்களில் சாதாரணக் கிருமியும் உயிரைப் பறித்துவிடும்.

ஆகவே அவற்றைப் பெருக்க முயன்றார்கள். மஜ்ஜையை விட்டு வெளியேறிய மூல அணுவோ, பெருகும்போதே முதிர்ந்து விதைத்தன்மையை இழந்துவிடும். நிக்கோட்டினமைடு என்னும் வைட்டமின் பி3 வகை அந்த முதிர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது என்று கண்டார்கள். இவ்விதம் வளர்த்த தொப்புள்கொடி அணுக்களுக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. வெள்ளையணுக்கள் திரும்ப 22 நாள் ஆன இடத்தில் 12 நாளே ஆனதாகச் சோதனை காட்டியது. கிருமித்தொற்றும் குறைந்தது. இம்முறையில் எந்தக் கருவும் அழிக்கப்படுவதில்லை. மனச்சாட்சிக்கு உறுத்தல் வேண்டாம்.

ஆயினும் இது நம் ஏழை நோயாளிகளுக்கு எட்டும் விலையில் இல்லை. அவர்களை இன்று தாங்குவது மனிதர் மனமுவந்து கொடுக்கும் தானமே. மாற்றுச் சிகிச்சை பெறுபவருக்கு இரத்தமும் தட்டணுக்களும் பலமுறை தேவைப்படும். மூல அணு தானத்துக்குப் பெயர் பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தாலே போதும். உங்கள் வாலிபர் கூட்டங்களில் இதைச் சொல்லுங்கள்.

ஐந்து அப்பங்களைப் பெருகச்செய்தவர் உங்கள் சிறு காணிக்கையையும் பெருகச்செய்வார். ஜன்னலடியில் தனித்திருந்து வெள்ளையணுக் கணக்குக்காகக் காத்திருப்போரை உங்கள் ஜெபங்களில் நினைத்தருளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்