இயங்குதளம் எழுதத் துணிபவர் எங்கே படிப்பது?

இணையத்தில் தேடினால் கிடைக்காத பாடம் உண்டா? சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதிப் பார்க்க ஆசைப்படும் இளையருக்கு இன்று பாடம் கிடைக்காதது சிக்கலன்று. அளவுக்கு மீறிக் கிடைப்பதுதான் சிக்கல். லினக்ஸின் கெர்னல், அதாவது அதன் உட்கரு, இப்போது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக அவ்வளவு பெரிய மாளிகைக்குள் வழி தெரிந்துவிடுமா? ஆர்வத்தோடு வந்த பலர் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோய், இது நமக்கு வராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அவர்களின் அறிவில் குறையில்லை. எடுத்த நூல்தான் தவறு.

ஒரு காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் 1976இல் தம் மாணவர்களுக்காக யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலை அச்சிட்டு, அதற்கு வரிக்கு வரி விளக்கம் எழுதினார். முழு உட்கருவும் ஏறத்தாழ 9,000 வரிகள்தான். ஒரு பருவத்தில் ஒரு மாணவர் படித்து முடிக்கக்கூடிய அளவு. ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்த ஏடி அண்ட் டி நிறுவனம் தடை விதித்தது. லயன்ஸின் விளக்கநூல் நகலெடுக்கப்பட்டு, நகலின் நகலாகக் கைமாறியது. எழுத்து மங்கிய தாள்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை கணினி இயலைக் கற்றது. அது நூலாக முறைப்படி வெளிவர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தடையே வேறொரு நன்மைக்கு வித்திட்டது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், வகுப்பில் காட்ட நிரல் இல்லையே என்று மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். அந்த நூலைப் படித்தவர்களில் ஒருவர் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஜனவரியில் இன்டெல் 386 கணினி ஒன்றை வாங்கி, அதில் மினிக்ஸை நிறுவிச் சோதனை செய்யத் தொடங்கினார் அவர். அவருக்கும் நூல் தேடும் பாடுதான். அவ்வாண்டு ஜூலையில் போசிக்ஸ் தர விதிகள் எங்கே கிடைக்கும் என்று யூஸ்நெட் குழுவில் கேட்டார். அது எளிதில் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இருந்த சன் நிறுவனக் கணினிகளின் கையேட்டைப் பார்த்து, யூனிக்ஸ் என்னென்ன வேலைகளைச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார்.

தொடங்குபவருக்கு வேண்டியது பெரிய நூலகமன்று, ஒருவர் தலைக்குள் முழுமையாக அடங்கும் ஒரு சிறிய இயங்குதளமும் அதை விளக்கும் ஒரு நூலும்தான். இன்று அந்த இடத்தில் இருப்பது எக்ஸ்வி6. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதலில் லயன்ஸின் நூலையே வைத்துப் பாடம் நடத்தினார்கள். பழைய பிடிபி-11 எந்திரத்தைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும் என்று மாணவர்கள் முணுமுணுத்தபோது, அதே ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி 2006இல் புதிதாக எழுதியதே இது. 10,000 வரிக்கு உட்பட்டது. விளக்கநூல் இலவசம். 2019 முதல் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாற்றப்பட்டுள்ளது. கோட்பாட்டுக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து அர்பாச்சி-டூஸோ இணையரின் பாடநூல் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். பத்து நூல்களைப் பதிவிறக்கி அடுக்குவது படிப்பாகாது.

இணையப் பாடங்களில் இன்னொரு பொறி உண்டு. அவற்றின் வயதைப் பார்ப்பதில்லை. 'முதல் 512 பைட்டுகளை நெகிழ்வட்டில் எழுதுங்கள்' என்று தொடங்கும் பாடங்கள் ஏராளம். பயாஸ் காலத்துப் பாடங்கள் அவை. நெகிழ்வட்டுப் பெட்டி இல்லாத இன்றைய மடிக்கணினி யூஇஎஃப்ஐ முறையில் எழுகிறது. அதற்காகப் பழைய பாடம் பொய்யாகிவிடாது. கியூஎமு போன்ற போலிக்கணினி மென்பொருளில் அதே 512 பைட்டுகளை இன்றும் ஓட்டிப் பார்க்கலாம். 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார்டு உருவாக்கிய அந்த மென்பொருள் வந்தபின், தவறு செய்தால் உண்மையான வட்டு அழிந்துவிடுமோ என்ற அச்சம் தீர்ந்தது. ஆனால் எந்தப் பாடம் எந்தக் காலத்தது என்று தெரியாமல் பாதி இதிலிருந்தும் பாதி அதிலிருந்தும் வெட்டி ஒட்டுபவர், ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பலர் தடுக்கி விழும் இடம் மிகச் சிறியது. சி மொழியில் ஒரு வரியில் திரையில் எழுதிப் பழகியவர், இங்கு அந்தக் கட்டளையே வேலை செய்யாததைக் கண்டு திகைக்கிறார். அதைச் செய்து தந்ததே இயங்குதளம்தானே! இப்போது அந்த வேலை இவருடையது. பழைய பிசி முறையில், திரைக்கென ஒதுக்கிய நினைவகப் பகுதியில் எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட் என்று தாமே வைக்க வேண்டும். முதல் எழுத்து தோன்ற ஒரு வாரம் ஆனாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐயம் வந்தால் இன்டெல் நிறுவனம் இலவசமாகத் தரும் செயலிக் கையேட்டைத் திறக்க வேண்டும். அது ஆயிரக்கணக்கான பக்கம். முதலிலிருந்து வாசிப்பதற்கன்று, அகராதிபோல் புரட்டுவதற்கு.

எக்ஸ்வி6ஐ முடித்தவர் ஆசைப்பட்டால் 1991 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 0.01 பதிப்பையும் பார்க்கலாம். ஏறத்தாழ 10,000 வரிகள்; இன்றும் பதிவிறக்கிக்கொள்ளலாம். தானாகத் தன்னைத் தொகுத்துக்கொள்ளக்கூட முடியாமல், அதற்கும் மினிக்ஸின் தயவு தேவைப்பட்ட பதிப்பு அது.