சீரியலில் இசை கேட்குது, நடந்தது தெரியல: பார்வையற்றோருக்கு டி.வி.யில் 'விளக்கக் குரல்'

தூத்துக்குடி:-

சீரியலில் முக்கிய கட்டம். திடீரென பேச்சு நிற்கிறது. 'டமார், டமார்' என்று இசை மட்டும் வருகிறது. மாமியார் பாலில் எதையோ கலக்க, மருமகள் கதவோரம் நின்று பார்த்து விடுகிறாள். வீடே 'அய்யய்யோ' என்கிறது. அங்கேயே உட்கார்ந்திருக்கும் பார்வையற்றவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

"என்னாச்சின்னு கேப்பேன். ஒருதடவ சொல்லுவாவ, ரெண்டு தடவ சொல்லுவாவ. அப்புறம் 'சும்மா இருங்க'ம்பாவ. கேக்கிறதயே விட்டுட்டேன்" என்றார், பஸ் நிலையம் அருகே ஊதுபத்தி விற்கும் பார்வையற்ற அண்ணாச்சி ஒருவர்.

இடைவெளியில் ஒரு குரல்

இதற்கு வழி இருக்கிறது. 'ஆடியோ டிஸ்கிரிப்ஷன்' என்பார்கள். வசனத்துக்கு நடுவே கிடைக்கும் சின்ன இடைவெளியில் ஒரு குரல், "அவள் கதவை சாத்துகிறாள். கையில் கடிதம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக் கொள்ளும். இது தனி ஒலித்தடத்தில் வரும் என்பதால், வேண்டாதவர்கள் அணைத்து வைக்கலாம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர டி.வி. நிலையம் ஒன்று 1990-லேயே இதை தொடங்கிவிட்டது. 2015-ல் நெட்பிளிக்சில் 'டேர்டெவில்' தொடர் வந்தது. கதாநாயகனே பார்வையற்றவர். ஆனால் பார்வையற்றவர்களால்தான் அதை ரசிக்க முடியவில்லை! எதிர்ப்பு கிளம்பியதும் விளக்கக் குரல் சேர்த்தார்கள்.

நம் நாட்டிலும் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 42-வது பிரிவு இந்த வசதியை செய்து தரச் சொல்கிறது. டி.வி.க்கு 2019-ல் வந்த விதிமுறை காது கேளாதோருக்கானது. 2024-ல் வந்த வழிகாட்டுதலில் பார்வையற்றோரும் உண்டு, ஆனால் அது தியேட்டர்களுக்கு.

மழை நேரத்தில்...

சீரியல் போனால் போகட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மழை பிடித்தாலே நம் கண் திரையின் அடியில் ஓடும் எழுத்துக்குத்தான் போகும். எங்கே எச்சரிக்கை, எந்த ரோடு துண்டிப்பு எல்லாம் அதில்தான். "திரையில் தெரியும் எண்ணை தொடர்பு கொள்ளவும்" என்பார் செய்தி வாசிப்பவர். அந்த எண்ணை வாயால் சொல்ல 10 விநாடி ஆகுமா? இதற்கு புது மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் ஆண்ட்ராய்டு டி.வி. இருந்தால் செட்டிங்சில் 'அக்சசிபிலிட்டி' பகுதிக்குப் போய் 'டாக்பேக்' ஆன் செய்யலாம். மெனுவை வாசித்துக் காட்டும். ஆனால் சேனலின் அடியில் ஓடும் எழுத்தை அது படிக்காது. அதை வீட்டில் இருப்பவர்கள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.