பட்டுச் சாயமிடலில் வெப்ப மீட்பு

பட்டுச் சாயமிடலில் வெப்ப மீட்பு என்பது, சாயத் தொட்டியிலிருந்து வெளியேறும் சுடுநீரின் வெப்பத்தை அடுத்த தொட்டிக்கான நீரைச் சூடாக்கப் பயன்படுத்துவதாகும். திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில், நெய்வதற்கு முன்னரே நூலுக்குச் சாயமிடப்படுகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு செரிசின் என்னும் பசையாகும். சோப்புக் கரைசலில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நூலை வேகவைத்து இப்பசை நீக்கப்படுகிறது. அதன்பின் சாயமிடவும் ஏறத்தாழ 90 பாகை செல்சியசு வெப்பநிலை தேவை.

100 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 7 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். வேலை முடிந்ததும் நீரைச் சாக்கடையில் விட்டால் இதன் பெரும்பகுதி அதனுடன் போய்விடுகிறது.

வெப்பப் பரிமாற்றி

கழிவு நீரையும் புது நீரையும் உலோகச் சுவரின் இருபுறமும் எதிரெதிர்த் திசையில் ஓடவிடுவதே எளிய வழி. நல்ல பரிமாற்றியில் புது நீர் 80 பாகையை எட்டும். கழிவு நீர் 40 பாகைக்குக் குளிரும். அதாவது, தேவையான வெப்பத்தில் ஆறில் ஐந்து பங்கு எரிபொருளின்றியே கிடைக்கிறது. எஞ்சிய 10 பாகையை இவ்வாறு பெற இயலாது. வெப்பம் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குத் தானாகப் பாய்வதில்லை என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி.

வெப்ப எக்கி

அப்பணியைச் செய்வது வெப்ப எக்கி. இதிலுள்ள குளிர்பதனப் பொருள் 40 பாகைக் கழிவு நீரிலிருந்து வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. அமுக்கி அவ்வாவியை அழுத்தி வெப்பநிலையை உயர்த்துகிறது. பின்னர் அது நீர்மமாக ஒடுங்கும்போது புது நீருக்கு வெப்பத்தை அளிக்கிறது. ஆஸ்திரியரான பீட்டர் ரிட்டிங்கர் 1850களில் உப்பு காய்ச்சும் ஆலையில் இத்தகைய கருவியை நிறுவினார்.

கிடைக்கும் வெப்பத்துக்கும் செலவாகும் மின்னாற்றலுக்கும் உள்ள விகிதம் செயற்றிறன் கெழு எனப்படும். வெப்பநிலை வேறுபாடு கூடக்கூட இது குறையும். 40 பாகையிலிருந்து 90 பாகைக்கு வெப்பத்தை ஏற்ற, கோட்பாட்டளவில் இதன் உச்சம் 7.3, நடைமுறையில் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைப்பது வழக்கம். கெழு 3 எனக் கொண்டால், முழுச் சூடேற்றலையும் எக்கியே செய்ய 2.3 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். பரிமாற்றிக்குப் பின் எஞ்சியதை மட்டும் செய்ய 0.4 போதும். அனல் மின் நிலையம் எரிபொருள் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்குவதால், இவ்வேறுபாடு சிறியதன்று.

குளிர்பதனப் பொருளின் தேர்வும் இதைப் பொறுத்தது. கரியமில வாயு, குளிர்ந்த நீரை ஒரே ஓட்டத்தில் 90 பாகைக்கு உயர்த்த ஏற்றது. முன்னரே சூடான நீருக்கு ஏற்றதன்று. பியூட்டேன் ஏற்றது எனினும் தீப்பற்றக்கூடியது. விறகடுப்பு எரியும் சாயக்கூடத்தில் அதை வைக்கலாகாது.

நடைமுறைச் சிக்கல்கள்

சோப்பு, செரிசின், நூல் துகள் ஆகியன பரிமாற்றியின் சுவரில் படிந்து வெப்பக் கடத்தலைக் குறைக்கும். எனவே வடிகட்டியும் அடிக்கடி கழுவுதலும் தேவை. சுவரில் கசிவு ஏற்பட்டால் அடர்ந்த சாயநீர் கலந்து, வெளிர்நிற நூல் முழுவதும் பாழாகும். ஒரு தொட்டி வடியும் நேரத்தில் மற்றொன்று நிரப்பப்படுவதில்லையாதலால் வெப்பக்காப்பிட்ட சேமிப்புத் தொட்டியும் வேண்டும். நாளுக்கு ஓரிரு தொட்டிகளே இறக்கும் சிறு சாயக்கூடத்துக்குப் பரிமாற்றியும் சேமிப்புத் தொட்டியும் போதுமானவை. பல தொட்டிகள் தொடர்ந்து இயங்கும் பொதுச் சாயக்கூடத்திலேயே எக்கியின் விலை ஈடாகும்.